பதினாறு பேர் கப்பலேறி வந்தால்தான் அரசாங்கம்

2024 ஜனவரி 26 அன்று பசிபிக் தீவுநாடான துவாலுவில் பொதுத்தேர்தல். வாக்குகளை எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனால் பிரதமர் யார் என்று தெரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. வழக்கு, மறுவாக்குப்பதிவு என்று எதுவும் குறுக்கே வரவில்லை. வென்றவர்களில் சிலர் வெளித்தீவுகளில் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த நாட்டில் விமானம் இறங்குவது தலைநகர் ஃபுனாஃபுடியில் மட்டுமே. மற்றத் தீவுக்காரர்கள் கப்பலில்தான் வரவேண்டும். வடகோடியிலிருக்கும் நானுமேயா 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. கடல் அடங்கும்வரை ஒரு தேசத்தின் ஆட்சி மாற்றம் காத்திருந்தது.

துவாலு நாடாளுமன்றத்தில் மொத்தம் 16 பேர். எட்டுத் தீவுத் தொகுதிகள், தொகுதிக்கு இருவர். கட்சி என்று ஒன்று கிடையாது. வென்றவர்கள் தலைநகரில் கூடிப் பேசி யாருக்கு எத்தனை பேர் ஆதரவு என்று கணக்குப் பார்த்தபிறகுதான் பிரதமர் என்ற பேச்சே எழும். எல்லோரும் வந்துசேர்ந்த பிறகு, பிப்ரவரி இறுதியில் ஃபெலெட்டி டியோ போட்டியின்றித் தேர்வானார். நம் ஊர்க் கணக்கில் இவர் அரசியல்வாதியே அல்ல. துவாலுக்காரர்களில் முதல் அட்டர்னி ஜெனரல். பிறகு சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் இயங்கும் பசிபிக் தீவுகள் மீன்வள முகமையின் தலைவர். அதன்பின் மேற்கு, மத்திய பசிபிக் மீன்வள ஆணையத்தின் செயல் இயக்குநர். முப்பது ஆண்டுகள் கோப்பும் பேச்சுவார்த்தையுமாக வாழ்ந்தவர். துவாலு அரசின் வருமானத்தில் பெரும்பகுதி அந்நிய நாட்டுச் சூரைமீன் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம். அந்தக் கட்டணம் எந்த மேசையில் முடிவாகிறதோ அங்கே உட்கார்ந்திருந்தவரைப் பிரதமராக்கியதில் விசித்திரம் ஒன்றுமில்லை.

பசிபிக்கின் சின்னஞ்சிறு நாடுகளில் கட்சிக்கொடி செய்யும் வேலையை ஓர் ஆளின் முன்வாழ்க்கை செய்கிறது. எந்தப் பள்ளி, எந்த நாட்டின் உதவித்தொகை, எந்த அலுவலகம், எந்தக் குடும்பம், எந்த நிலம் என்ற விவரங்கள்தான் அவருடைய தேர்தல் அறிக்கை. எனவே இந்த உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போது, எப்போது அரசியலில் நுழைந்தார் என்று தேடுவதில் பயனில்லை. அதற்கு முந்தைய இருபது வருடங்களைப் பார்க்கவேண்டும்.

துவாலுவின் பிரதமர்களையே எடுத்துக்கொள்ளலாம். முதலாமவர் டொவாரிப்பி லவுட்டி ஆசிரியர். நியூசிலாந்தில் பயிற்சி பெற்று, தாராவாத் தீவில் பாடம் நடத்தி, பிறகு நவூருத் தீவில் பாஸ்பேட் ஆணையத்தில் தீவுத் தொழிலாளர்களைக் கவனிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தார். பாஸ்பேட் சுரங்கத்துக்கு எல்லாத் தீவுகளிலிருந்தும் ஆள் போனார்கள். அவர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரே முகம் இவர். இதைவிட நல்ல தேர்தல் பிரசாரம் வேறென்ன? பின்னால் வந்த வில்லி டெலாவி காவல்துறைத் தலைவராக இருந்தவர். எனெலே சோபோவாகா ஐ.நா.வில் தூதர். சவுஃபாட்டு சோபோவாங்கா அரசு அதிகாரி. இரண்டு வார்த்தையில் சொன்னால், அரசுச் சம்பளம்.

வேறு வழியும் இல்லை. மக்கள்தொகை சுமார் 11,000. பெரிய வணிகமோ தொழிற்சாலையோ கிடையாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையை அரசோ, ஆஸ்திரேலியா நியூசிலாந்து உதவித்திட்டமோ வெளிநாட்டுக்கு அனுப்பும். திரும்பி வந்தால் ஃபுனாஃபுடியில் ஏதாவது ஒரு துறையில் பணி. வெளித்தீவுக்காரர் ஒருவர் தலைநகருக்கு வந்தால் மருத்துவப் பரிந்துரைக் கடிதமோ, கப்பல் சீட்டோ, பிள்ளையின் உதவித்தொகையோ எதுவாயினும் தன் தீவைச் சேர்ந்த அதிகாரியிடம்தான் வந்து நிற்பார். பத்து வருடம் இப்படி நின்றவர்களின் குடும்பங்களைக் கூட்டினால் ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலே வந்துவிடும். தொகுதிக்குச் சில நூறு வாக்காளர்கள்தானே.

மருத்துவர்களுக்கும் இதே வாய்ப்பு உண்டு. துவாலுவில் 2015இல் வென்ற புவாகெனா போரம் மயக்கவியல் மருத்துவர். அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்த பெண்களை எண்ண ஒரு கை விரல்களே மிகுதி. 1989இல் வென்ற நாமா லடாசிதான் முதலாமவர். அவருடைய கணவர் கமுட்டா லடாசி 1993இல் பிரதமரானார். சிறிய நாட்டில் குடும்ப அரசியல் என்ற சொல்லையே கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்தவேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்கிற இடத்தில் அது ஒரு குற்றச்சாட்டாக நிற்காது.

கட்சியில்லாத சபையில் வரும் கோளாறு எப்போதும் ஒன்றுதான். அமைச்சரவை சபையில் ஏறக்குறைய பாதி. அமைச்சராக இல்லாதவர் அனைவரும் நாளைய அமைச்சர்கள். ஒரே ஒருவர் எழுந்து எதிர்ப்பக்கம் போய் அமர்ந்தால் ஆட்சி போயிற்று. 2010 டிசம்பரில் மாட்டியா டொவாஃபாவின் அரசு பதவியேற்றுச் சில மாதங்களில் 8-க்கு 7 என்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தது. பக்கம் மாறிய டெலாவியே பிரதமரானார். அடுத்து அவர் பட்ட பாடு இன்னும் சுவையானது. 2012 இறுதியில் நிதியமைச்சர் இறந்தார். நுகுஃபெட்டாவ் தொகுதி காலி. இடைத்தேர்தலை அறிவிப்பது பிரதமர் கையில் இருந்தது. அறிவித்தால் பெரும்பான்மை போகும். எனவே தள்ளிக்கொண்டே போனார். நீதிமன்றம் தலையிட்டபின் 2013 ஜூனில் தேர்தல் நடந்து இடம் எதிரணிக்குப் போயிற்று. சபையைக் கூட்டாமல் இருக்க, ஓர் அமைச்சர் பதவி விலகி இன்னோர் இடத்தைக் காலியாக்கினார். கடைசியில் 2013 ஆகஸ்ட் 1 அன்று கவர்னர் ஜெனரலே பிரதமரை நீக்கினார். பதினைந்து பேர் சபையில் (அப்போது 15தான்) ஒரு மரணம் அரசியல் சட்ட நெருக்கடி வரை இழுத்துவிட்டது.

இதைவிடக் கொடுமையான சமநிலையை நவூரு பார்த்தது. 21 சதுர கிலோமீட்டர் தீவு. அப்போது 18 உறுப்பினர்கள். 2010 ஏப்ரல் தேர்தலில் பழைய 18 பேரும் அப்படியே மீண்டும் வந்தார்கள். ஒன்பது, ஒன்பது. சபாநாயகர் நாற்காலியில் தங்கள் ஆளை உட்காரவைத்தால் தங்கள் வாக்கு ஒன்று குறையும் என்பதால் இரு தரப்பும் ஆள்தர மறுத்தன. சபாநாயகர் இல்லாமல் அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஜூனில் இன்னொரு தேர்தல். அதிலும் முடிச்சு அவிழவில்லை. நவம்பர் 1 அன்றுதான் லுட்விக் ஸ்காட்டி அந்த நாற்காலியில் அமர, மார்க்கஸ் ஸ்டீஃபன் மீண்டும் அதிபரானார். அதற்குப் பிறகு செய்த சீர்திருத்தம் தச்சர் வேலைபோல எளிமையானது: 2013 முதல் உறுப்பினர் எண்ணிக்கை 19.

மார்க்கஸ் ஸ்டீஃபன் யார்? பளுதூக்கும் வீரர். காமன்வெல்த் விளையாட்டுகளில் ஏழு தங்கம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் நவூருவுக்கு ஒலிம்பிக் குழுவே இல்லாததால் சமோவா குடியுரிமை பெற்று அதன் சார்பில் போனார். 2003இல் அனெட்டன் தொகுதி உறுப்பினர், 2007இல் அதிபர். விளையாட்டுப் புகழால் பதவி எங்கும் கிடைக்கும்தான். ஆனால் நவூருவில் அதற்கு வாக்குக் கணக்கும் துணை நிற்கிறது என்பது என் கணிப்பு.

1971 முதல் அங்கே நடைமுறையில் இருப்பது டவ்டால் முறை. அன்று நீதித்துறைச் செயலராக இருந்த டெஸ்மண்ட் டவ்டால் வகுத்தது. சீட்டில் உள்ள அத்தனை வேட்பாளர்களுக்கும் வரிசை எண் போடவேண்டும். ஒருவரை விட்டாலும் சீட்டு செல்லாது. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 1/2, மூன்றுக்கு 1/3, இப்படியே இறங்கும். 300 வாக்காளர், ஐந்து வேட்பாளர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அவருடைய பெரிய குடும்பம் 120 முதலிடம் தருகிறது. மீதி 180 பேர் அவரை ஐந்தாவதாகத் தள்ளுகிறார்கள். அவருக்கு 120 + 36 = 156. இன்னொருவருக்கு முதலிடம் 60தான். ஆனால் மீதி 240 பேரும் இரண்டாவதாக எழுதுகிறார்கள். அவருக்கு 60 + 120 = 180. குடும்பம் பெரிதாக இருப்பவரை, யாருக்கும் பகையில்லாதவர் தோற்கடிக்கிறார். பளுதூக்கும் வீரர், டாக்டர், பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோர் எல்லா வீட்டிலும் இரண்டாம் இடம் பெறக்கூடியவர்கள். முதல் அதிபர் ஹாமர் டெராபர்ட் ஆசிரியர். பிற்காலத்தில் அதிபரான பாரன் வாகா கல்வித்துறைக்காரர், இசையமைப்பாளர். அமைச்சராயிருந்த கீரன் கேக்கே மருத்துவர். தேர்தலுக்கு முன் வேட்பாளர் செய்யும் கணக்கும் இதனால் மாறுகிறது. சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பது வீண். எதிர்வேட்பாளரின் மாமன் வீட்டில் தேநீர் குடிக்கவேண்டும்.

ஆசிரியர்கள் இத்தனை பேர் வருவது தற்செயலல்ல. பப்புவா நியூ கினியின் முதல் பிரதமர் மைக்கேல் சோமாரே ஆசிரியராகவும் வானொலிச் செய்தியாளராகவும் இருந்தவர். சாலமன் தீவுகளின் முதல் பிரதமர் பீட்டர் கெனிலோரியா ஆசிரியர். மார்ஷல் தீவுகளின் ஹில்டா ஹைனி கல்வித்துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் மார்ஷலியர். 2016இல் அதிபர், 2024இல் மறுபடியும். காலனி அரசு உள்ளூர்க்காரருக்குத் திறந்துவைத்த கதவுகள் மூன்றுதான்: வகுப்பறை, மருத்துவ உதவியாளர் பணி, குமாஸ்தா மேசை. நான்காவது, தேவாலயம் தானாகத் திறந்தது. வனுவாட்டுவின் முதல் பிரதமர் வால்டர் லினி ஆங்கிலிக்கன் பாதிரியார். விடுதலைக்கு முன் முதலமைச்சராக இருந்த ஜெரார் லெய்மாங் கத்தோலிக்கப் பாதிரியார். இரண்டு சபைகளின் போட்டி அப்படியே ஆங்கிலேய, பிரெஞ்சு அணிப் போட்டியாக நாடாளுமன்றத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

1968க்குப் பிறகு இந்தக் கதைகள் ஒரே இடத்தில் ஒன்றுசேர்கின்றன. ஃபிஜியின் தலைநகர் சுவாவில், நியூசிலாந்து விமானப்படையின் பழைய கடல்விமானத் தளத்தில், தென்பசிபிக் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பன்னிரண்டு நாடுகளுக்குப் பொதுச் சொத்து. டோங்காக்காரரும் கிரிபாஸ்காரரும் சாலமன்காரரும் ஒரே விடுதியில் படுத்தெழுந்தார்கள். பிறகு பசிபிக் தீவுகள் மாநாட்டில் எதிரெதிர் மேசையில் சந்தித்தபோது அவர்களில் பலருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

ஆசிரியர் வேலையே ஒருவரை அரசியலுக்குத் துரத்தியதும் உண்டு. டோங்காவின் அகிலிசி போஹிவா அரசை விமர்சித்ததற்காகக் கல்வித்துறையிலிருந்து 1985இல் நீக்கப்பட்டார். வழக்குப் போட்டு வென்றார். அதற்குள் 1987இல் உறுப்பினராகியும் விட்டார். பிரதமராக 27 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே சபையில் பிரபுக்களுக்கென்று ஒன்பது இடங்கள் தனி. 33 பரம்பரைப் பிரபுப் பட்டக்காரர்கள் தங்களுக்குள் வாக்களித்து நிரப்புவார்கள். மக்கள் பிரதிநிதிகள் 17 ஆகப் பெரும்பான்மை பெற்றதே 2010 சீர்திருத்தத்தில்தான்.

இனி சமோவா. படிப்பும் வேலையும் மட்டும் இருந்தால் இங்கே வேட்புமனு வாங்கமாட்டார்கள். வேட்பாளர் ‘மதாய்’ ஆக இருக்கவேண்டும், அதாவது தன் விரிந்த குடும்பத்தின் பட்டப்பெயரைச் சுமப்பவர். பட்டம் கேட்டுப் பெறுவதல்ல. குடும்பம் கூடிப் பேசி ஒப்பவேண்டும். கிராமத்தின் முன் பட்டமேற்பு விழா நடக்கும், உணவும் மெல்லிழைப் பாயும் பணமும் பங்கிடப்படும், பட்டம் நில, பட்டப்பெயர் நீதிமன்றத்தில் பதிவாகும். பதிவில்லாத பட்டத்தால் தேர்தலில் பயனில்லை. அதோடும் முடியவில்லை. தேர்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்கவேண்டும். அதே காலத்தில் தொகுதிக் கிராமத்துக்கு ‘மொனோதங்கா’, அதாவது ஊருக்குச் செய்யவேண்டிய பணியும் பங்குத்தொகையும், தவறாமல் செய்திருக்கவேண்டும். கிராமப் பிரதிநிதி அதற்குச் சான்றுறுதி ஒப்பமிட வேண்டும்.

பெரும்பாலான வேட்புமனு வழக்குகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. ஆக்லாந்தில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர், தன் அண்ணன் செலுத்திய பங்குத்தொகையைத் தன் பெயரில் காட்டுவார். எதிர்வேட்பாளர் நீதிமன்றம் போவார். ‘மொனோதங்கா’ என்பது பணமா, விருந்தா, ஊர்க்கூட்டத்தில் உட்காருவதா என்று ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு விளக்கம் இருப்பதால், நீதிபதி முன் ஊர்ப் பெரியவர்கள் சாட்சி சொல்லவேண்டியிருக்கும். சில கிராமங்கள் பெண்களுக்கு மதாய் பட்டத்தையே ஏற்பதில்லை. அங்கே ஒரு பெண்ணின் வாய்ப்பு வாக்குப்பெட்டிக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது.

1990 வரை நிலைமை இன்னும் இறுக்கம்: வாக்களிக்கவே மதாயாக இருக்கவேண்டும். அதனால் என்ன நடந்தது? தேர்தல் நெருங்கினால் ஒரே பட்டத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து வாக்காளர்களை உற்பத்தி செய்தார்கள். அவர்களுக்கு ‘மதாய் பலோதா’ என்று பெயர். வாக்குச்சீட்டு மதாய் என்று பொருள். பட்டத்தின் மதிப்பு கரைவதைக் கண்ட பெரியவர்கள் பலருக்கே, எல்லோருக்கும் வாக்குரிமை கொடுப்பது பட்டத்தைக் காப்பாற்றும் வழியாகத் தோன்றிற்று. 1990 பொதுவாக்கெடுப்பில் அது நிறைவேறி 1991 தேர்தல் அனைவர் வாக்கோடு நடந்தது. வேட்பாளர் மட்டும் இன்றும் மதாய்தான்.

இந்த இரட்டை வடிகட்டியைத் தாண்டியவர்களுக்கு எடுத்துக்காட்டாக இரண்டு எதிரெதிர் வாழ்க்கைகளைச் சொல்லலாம். 22 ஆண்டுகளுக்கு மேல் பிரதமராயிருந்த துயிலாஎபா ஆக்லாந்தில் வணிகவியல் முதுகலை படித்து, நிதித்துறையிலும் பிரஸல்ஸில் ஐரோப்பியச் சமூகத்திலும் வேலை பார்த்தவர். அவரைத் தோற்கடித்த ஃபியாமே நவோமி மதாஃபா முதல் பிரதமரின் மகள், தாயாரும் உறுப்பினராயிருந்தவர், 1985இலேயே லோடோஃபாங்கா தொகுதியில் வென்றவர். 2021 தேர்தல் முதலில் 25-25, ஒரு சுயேச்சை என்று முடிந்தது. அந்தச் சுயேச்சை ஃபியாமே பக்கம் சாய்ந்தார். அதே நேரத்தில் எதிர்த்தரப்பு ஒரு பின்னத்தைப் பிடித்துக்கொண்டது. பெண்களுக்குக் குறைந்தது பத்து சதவீதம் என்கிறது சட்டம். 51இல் பத்து சதவீதம் 5.1. வென்ற பெண்கள் ஐந்து பேர். அந்த 0.1க்காக ஆறாவது பெண் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆட்சியே தொங்கியது. நாடாளுமன்றக் கதவு பூட்டப்பட, மே 24 அன்று ஃபியாமே வெளியே கூடாரத்தில் பதவிப்பிரமாணம் எடுத்தார். பெண் பிரதிநிதித்துவத்துக்காக வைத்த விதி, நாட்டின் முதல் பெண் பிரதமரைத் தடுக்கும் கருவியாக எடுக்கப்பட்டது. சட்டம் எழுதுகிறவர்கள் பின்னத்தை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஃபிஜியில் கதை வேறு, காரணம் கரும்பு. இங்கே இந்திய வம்சாவளித் தலைவர்கள் பெரும்பாலும் வக்கீல்களாகவும் தொழிற்சங்கத்தினராகவும் இருந்ததற்கு, குத்தகை, ஒப்பந்தம், ஆலை விலை என்று விவசாயியின் வாழ்வே காகிதத்தில் இருந்ததுதான் அடிப்படை. தேசியக் கூட்டமைப்புக் கட்சித் தலைவர் ஏ.டி. படேல் 1969இல் பிரிட்டிஷ் நீதிபதி டென்னிங் பிரபுவின் நடுவர் மன்றத்தில் கரும்பு விவசாயிகளுக்காக வாதாடினார். தீர்ப்பு வருமுன் இறந்துபோனார். அவருக்குப் பின் கட்சியை நடத்திய சித்திக் கோயாவும், அவருக்கடுத்த ஜெய்ராம் ரெட்டியும் வழக்கறிஞர்கள்; இருவருமே தென்னிந்திய வம்சாவளி. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போனதன் நீட்சி அது. தொழிற்சங்க வழியில் வந்தவர் மகேந்திர சௌத்ரி, 1999இல் முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர். இவர்களுக்கு எதிரே நின்றது ராணுவம். 1987இல் ஆட்சியைக் கவிழ்த்த லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரம்புக்கா 1979இல் பயிற்சி பெற்றது நம் நீலகிரி வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில். பிறகு தேர்தல் வழியே பிரதமராகி, 2022இல் திரும்பவும் வந்தார்.

2014 தேர்தலில் வந்த ஃபிஜி முறையில் முன்வாழ்க்கைக்கு மதிப்பே குறைந்துவிட்டது. நாடு முழுதும் ஒரே தொகுதி. வாக்குச்சீட்டில் பெயரோ படமோ இல்லாமல் எண்கள் மட்டும். அந்தத் தேர்தலில், ராணுவத் தளபதியாக இருந்து பிரதமரான பைனிமராமாவின் எண் 279. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த எண்ணை வட்டமிட, அந்த வாக்குகளின் பங்கில் சொந்தமாகச் சில நூறு வாக்கே வாங்கிய கட்சிக்காரர்களும் உள்ளே வந்தார்கள். துவாலுவில் சில நூறு வாக்கு என்றால் ஒரு தீவே தெரிந்து போட்டது. இங்கே அது யாரும் தெரிந்து போடாதது.

உள்ளே வந்தபின் என்ன வேலை? சாலமன் தீவுகளின் 50 உறுப்பினர்களைக் கேட்டால் சட்டமியற்றுவது கடைசியில்தான் வரும். தொகுதி வளர்ச்சி நிதி அவர்கள் கை வழியாகப் போகிறது. கூரைத்தகடு, படகு மோட்டார், சூரியவிளக்கு, பள்ளிக் கட்டணம் கேட்டு ஹோனியாரா வீட்டு வாசலில் காலையிலிருந்து ஆள் நிற்கும். கிடைத்தவர்கள் நினைவில் வைப்பார்கள்; கிடைக்காதவர்கள் அதைவிட நன்றாக நினைவில் வைப்பார்கள். மத்திய வங்கி ஆளுநர், வருவாய்த்துறை அதிகாரி, தூதர் என்று கணக்கறிந்தவர்கள் அங்கே பிரதமராகியிருக்கிறார்கள்: ஹௌனிபுவேலா, சொகவாரே, மனேலே. கணக்குத் தெரிந்தவரும் இந்த வாசலைத் தாண்டித்தான் அலுவலகம் போகவேண்டும்.

தோற்றபின், அல்லது பதவிக்காலம் முடிந்தபின் போக்கிடமும் குறைவே. ஜெய்ராம் ரெட்டி ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளின் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நீதிபதியானார். அப்படிப்பட்ட வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. துவாலுவின் கவுசேயா நடானோ 2024இல் பிரதமராக இருக்கும்போதே ஃபுனாஃபுடியில் தோற்றார். தோற்கடித்தவர்களைத் தினமும் சாலையில் பார்க்கவேண்டிய ஊர் அது.

கிரிபாஸின் ஐயரெமியா டபாய் 1979இல் நாட்டின் முதல் அதிபரானபோது வயது 29. வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்துத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. 1991இல் பதவிக்கால வரம்பு முடிந்தபோது நாற்பத்தொன்றைத் தாண்டவில்லை. ஆறு ஆண்டுகள் தென்பசிபிக் மன்றத்தின் பொதுச்செயலாளராக சுவாவில் இருந்தார். ஊர் திரும்பித் தனியார் வானொலி தொடங்கப் போனார். உரிமமில்லாமல் கருவிகளைத் தருவித்ததற்காக, தான் அதிபராயிருந்த நாட்டின் நீதிமன்றமே அவருக்கு அபராதம் போட்டது. வானொலிக்கு அனுமதி வரும்வரை வாரப் பத்திரிகை நடத்தினார். பிறகு நோனோவுட்டித் தீவில் மறுபடி நின்று வென்று, சபையில் சாதாரண உறுப்பினராகப் பின்வரிசையில் போய் அமர்ந்தார்.